எறும்பு மொய்த்த பஞ்சு

அடுத்தவர் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடுகிறது என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, தன் ரத்தம் கொதிப்பதைக் கவனிக்க நேரம் கிடைப்பதில்லை.

திருப்பதியில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் நான் களப்பணி ஆராய்ச்சியாளர். பெயர்தான் பெரிது. நாங்கள் செய்கிற சென்சார் ஒரு ரூபாய் நாணயம் அளவு இருக்கும். மேல்கையில் ஒட்டினால், அடியில் இருக்கும் முடியளவு கம்பி தோலுக்குள் போய் உட்காரும். கம்பி நுனியில் பூசிய என்சைம் சர்க்கரையைக் கண்டால் வேலையைத் தொடங்கும். அதில் பிறக்கும் துளி மின்சாரம் எண்ணாக மாறும். இடுப்பில் செருகிக்கொள்ளத் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா கொடுப்போம். அது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்த எண்ணை என் போனுக்கு அனுப்பும். எண் சரிதானா என்று பார்க்க, நான் நேரில் போய் விரலைக் குத்தி, கடையில் விற்கிற குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைப்பேன். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். நாற்பது பேர், ஆளுக்குப் பதினாலு நாள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண் என்றால் என்ன பாடு என்று, ரயில் டிக்கெட் உறுதியாகுமா என்று போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு வாய் சோறு, ஒரு பார்வை. பல் தேய்க்கும்போது ஒரு பார்வை. நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தே மாதக்கணக்காகிறது, நுனியில்தான் உட்கார்கிறேன். சத்தியவேட்டில் நிலக்கடலை போடுகிற என் நைனா ஒரு நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தினி படிச்சிட்டு ஊரார் விரலக் குத்திகினு கீறியேம்மா, உனுக்கே ஒரு மாதிரியா இல்ல?"

பூஞ்சை சைவமா?

எங்கள் ஒன்பதாம் எண் ராகவாச்சாரி சுவாமி. கீழ்த் திருப்பதியில் ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் மடப்பள்ளிக் கைங்கரியம். சர்க்கரை வந்து பத்து வருடம் ஆகிறது. சென்சாரை ஒட்டுவதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்விகளை எங்கள் நெறிமுறைக் குழுகூடக் கேட்கவில்லை. பசை எதிலிருந்து எடுத்தது? தோல் சம்பந்தம் உண்டா? உள்ளே பூசியிருக்கிறீர்களே, அந்த என்சைம் எங்கிருந்து வருகிறது?

பொய் சொல்லத் தெரியாத கட்டத்தில் நான் இருந்தேன். "ஒரு வகைப் பூஞ்சையிலேருந்து எடுக்கறது சுவாமி" என்றேன். "ஊறுகாய் மேல படருமே, அதுவா?" "அதோட சொந்தக்காரங்க." அவர் கண்ணை மூடி யோசித்தார். என் கையில் கருவி, உறை பிரித்தாகிவிட்டது, பிரித்தால் பத்து நிமிடத்துக்குள் ஒட்டிவிட வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன், அவர் சாஸ்திரத்தைப் பார்க்கிறார். ஒன்பதாவது நிமிடத்தில் கையை நீட்டினார். உள்ளேயிருந்து மாமி குரல் வந்தது: "ஊறுகாய்ல பூஞ்சை வந்தா ஒரு வாரம் என்னைத் திட்டுவார். இப்போ பாருங்கோ, கையிலயே ஒட்டிண்டு நிக்கறார்!"

டயரியில் இல்லாத பொங்கல்

சாப்பிட்டதையெல்லாம் நேரத்தோடு எழுதி வைக்க ஒரு டயரி கொடுப்போம். சுவாமியின் டயரி மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. முத்து முத்தான கையெழுத்து. சர்க்கரை போடாத காபி, ஆறு மணி. இட்லி மூன்று, எட்டு மணி. தளிகை, பன்னிரண்டரை. ஆனால் தினமும் பத்தரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில் அவருடைய கோடு நேராக மலையேறியது. நூற்று முப்பதிலிருந்து இருநூற்றுப் பத்து. டயரியில் அந்த நேரத்துக்குத் தண்ணீர்கூடக் கிடையாது.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கல்லீரல் தானாகவே சர்க்கரையை அவிழ்த்துவிடும் என்று படித்திருக்கிறேன், அதுவாக இருக்குமோ என்று இரண்டு பக்கம் குறிப்புகூட எழுதினேன். நாலாம் நாள் பொறுக்க முடியாமல் பத்தேகாலுக்குக் கோயில் வாசலில் போய் நின்றேன். பத்தரைக்கு சுவாமி தொன்னையில் சர்க்கரைப் பொங்கலோடு வெளியே வந்தார். நெய் சொட்டியது. நின்றபடியே முடித்தார். "சுவாமி, இது டயரியில இல்லையே!" என்றேன். அவர் முகத்தில் திருட்டுத்தனம் துளியும் இல்லை. என் அறியாமைக்காக வருத்தம்தான் இருந்தது.

"பெருமாள் அமுது பண்ணினதைப் போய் டிபன்னு எழுதுவாளா? அது ஆகாரம் இல்லம்மா, பிரசாதம்."

பெண் பார்க்க வந்தவர்கள்

புத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் பட்டுப்புடவையில் காபித் தட்டோடு நிற்கிறேன். போன் கூவியது. ஒன்பதாம் எண், நாற்பத்தொன்பது. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. நாற்பத்தொன்பது என்றால் ஆள் விழுந்து கிடக்கலாம். தட்டை மாப்பிள்ளையின் தாத்தா மடியில் வைத்துவிட்டு, "சுகர் இறங்கிடுச்சு, சுகர் இறங்கிடுச்சு" என்று கத்திக்கொண்டே கொல்லைக்கு ஓடினேன்.

எட்டு தடவை மணி அடித்த பிறகு சுவாமி போனை எடுத்தார். பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு குட்டித் தூக்கம் போட்டாராம், சென்சார் ஒட்டிய கைமேலேயே ஒருக்களித்துப் படுத்து. அப்படிப் படுத்தால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நசுங்கி, எண் பொய்யாக இறங்கும். புத்தகத்தில் இருப்பதுதான். அன்று ஒரு தீர்மானத்துக்கு வந்தேன்: இந்தச் சென்சார் 'குறைவு' என்று கூவினால் இனிமேல் பதறுவதில்லை. அந்தத் தீர்மானத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நான் அதற்காக அழுதேன். கூடத்துக்குத் திரும்பியபோது எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது: "பொண்ணு லட்சணமாத்தான் கீது, ஆனா இந்த வயசுலயே சுகர் வந்துட்ச்சே, பாவம்."

பதினேழாம் எண்

முனியம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. சித்தூர் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஊர். கணவர் இல்லை. பெண்ணை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். சர்க்கரைக்குத் தினமும் ஒரு மாத்திரை. சென்சாரை அவர் 'கையிப் பொட்டு' என்பார். முதல் நாலு நாள் வீட்டிலேயே பார்த்தேன். விரலில் நூற்று நாற்பத்திரண்டு, பொட்டில் நூற்று முப்பத்தெட்டு. பிள்ளைகள் ஒற்றுமையாக இருக்கிற வீடு மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் மாங்காய் சீசன் தொடங்கியது. அவர் வருடா வருடம் போகிற, மாங்கூழ் எடுக்கிற தொழிற்சாலைக்குப் போய்விட்டார். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அது ஜூஸ் பேக்டரி. எங்கள் நாற்பது பேரில் அங்கே வேலை செய்தது அவர் ஒருவர்தான்.

உள்ளே போனுக்கும் அனுமதியில்லை, எனக்கும் அனுமதியில்லை. அதனால் ஆறாம் நாள் டீ வேளையில் கேட்டுக்கு வெளியே காத்திருந்தேன். பத்து நிமிடம்தான் விடுவார்கள். முனியம்மா தலைத்தொப்பியோடு ஓடி வந்தார். தோல் சீவுகிற மேசையில் வேலை. கையுறை போட்டால் தோத்தாபுரி மாங்காய் வழுக்குகிறது என்று கழற்றி இடுப்பில் செருகிவிடுவார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். நான் ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்து, அதைத் திண்டில் வைத்துவிட்டு, குத்தினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. பொட்டு சொன்னது நூற்றுப் பதினெட்டு.

எது மெய், எது பொய்? எங்கள் விதி தெளிவாக இருந்தது. விரல் ரத்தம்தான் அளவுகோல், சென்சார் தேர்வு எழுதுகிற மாணவன். ஆகவே முந்நூற்றுப் பன்னிரண்டை அவருடைய சின்ன நோட்டில் எழுதி, டாக்டரிடம் காட்டச் சொன்னேன். சாப்பாட்டைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். மாம்பழத்தை வாயில் வைக்கவே கூடாது என்றேன், அதையும் மாங்காய் மணக்கிற இடத்தில் நின்றுகொண்டு. முனியம்மா தலையை மட்டும் ஆட்டினார். திண்டில் கிடந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அதில் எறும்பு வரிசை கட்டியிருந்தது. மெல்லிய குரலில் சொன்னார்: "எறும்பே வந்து சாட்சி சொல்லுது பாரு மேடம், என் ரத்தத்துல அவ்ளோ சக்கர கீதா?"

சுரேஷும் மேடமும்

சென்சார் கம்பியில் என்சைம் பூசுகிறவன் சுரேஷ். ஒரு கம்பிக்கு நாலு பூச்சு, ஒவ்வொரு பூச்சும் காய அரை நாள். மூச்சுக்காற்று பட்டால் கெடும் என்று வாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்வான். அவனிடம் போய், "உன் பேட்ச் ஐந்து நாளில் செத்துப்போகுது, என்சைம் கரைஞ்சு போகுது" என்று சொல்கிற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ. எட்டாம் நாள் முனியம்மாவை மறுபடி பார்த்தேன்: விரல் இருநூற்று எண்பத்தெட்டு, பொட்டு நூற்றொன்பது. ஆதாரம் கைவசம் இருந்தது.

எங்கள் தலைவர் மேடம் தெலுங்குக்காரர். நானும் சுரேஷும் பேசிப் பேசி அவருக்குத் தமிழ் வந்துவிட்டது. வரைபடத்தைப் பார்த்தார். விரல் புள்ளிகள் மேலே, சென்சார் கோடு கீழே, நடுவில் ஒரு ஏரி. ஒரு கையில் இப்படிப் பொய் சொன்னால் மற்ற முப்பத்தொன்பதையும் நம்ப முடியாது, இப்படியே போனால் மாதக் கடைசியில் பரிசோதனையை நிறுத்திவிட வேண்டியதுதான் என்றார். மூன்று வருட வேலை. சுரேஷ் மீதி இருந்த உறைகளை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே 'செத்தது' என்று எழுதிக் குப்பைத்தொட்டி பக்கத்தில் வைத்தான். நான் மெதுவாக, "ஒருவேளை சென்சார் சரியா இருந்தா, மேடம்?" என்று இழுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சூடம்மா, இங்க பாரும்மா, ரத்தம் சொல்றதுதான் நிஜம். நம்ம சென்சார் சொல்றது இன்னும் ஆசைதான்."

மாங்காய்க்கு நடுவில் பட்டினி

பத்தாம் நாள் முனியம்மா கேட்டுக்கு வெளியே வந்தபோது ஓடி வரவில்லை, நடந்து வந்தார். முந்தின நாள் டாக்டரிடம் நோட்டைக் காட்டியிருக்கிறார். அதில் நான் எழுதிய முந்நூற்றுப் பன்னிரண்டும் இருநூற்று எண்பத்தெட்டும் இருந்தன. அதைப் பார்த்தால் எந்த டாக்டரும் செய்வதை அவரும் செய்தார்: மாத்திரையை இரண்டாக்கினார். அன்றைக்கு விரல் இருநூற்றுத் தொண்ணூற்றாறு, பொட்டு எண்பத்தொன்று. இரண்டு மாத்திரை போட்டும் இறங்கவில்லையே என்று எனக்கு ஒரே எரிச்சல். அரை வயிற்றுக்குத்தான் சாப்பிடுகிறேன் என்று முனியம்மா சத்தியம் செய்தார்.

"கை நடுங்குது மேடம். வேர்த்து வேர்த்துக் கொட்டுது" என்றார். இந்தத் தொழிலில் இருக்கிற யாராவது இதைப் படித்தால் இந்த இடத்தில் என்னைத் திட்டிக்கொள்ளலாம். நானும் இங்கே நிறுத்தி என்னைத் திட்டிக்கொள்கிறேன். நடுக்கமும் வேர்வையும் சர்க்கரை இறங்குவதன் அடையாளம் என்று நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். ஆனால் கையில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு என்ற எண் இருந்ததால், கண்ணெதிரே நின்ற ஆளைப் பார்க்கவில்லை. "வெயில், வேலை, அதான்" என்றேன். அவர் தலையாட்டினார். பாதி தூரம் போய்த் திரும்பிச் சொன்னார்: "ஒரு நாளிக்கு நூறு கிலோ மாங்கா சீவறேன் மேடம், ஒரு துண்டு வாயில வெக்கல, நீ சொன்னியேன்னு."

பாகாலா தாண்டி

பன்னிரண்டாம் நாள் காலை சித்தூர் பஸ் ஏறினேன். ஜன்னலோரம். சந்திரகிரி தாண்டும்போது பதினேழாம் எண் எழுபத்தாறு. பாகாலா தாண்டியதும் எழுபது. பிறகு அறுபத்தாறு. போன் கூவியது. நான் என் தீர்மானத்தை ஞாபகப்படுத்திக்கொண்டு சத்தத்தை நிறுத்தினேன். சென்சார் சாகப்போகிறது, அவ்வளவுதான். ஆனாலும் கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. அப்போது பஸ் நின்றது. எதிரே மாங்காய் டிராக்டர்கள் வரிசை, பேக்டரி கேட் வரைக்கும் நாலு கிலோமீட்டர் இருக்கும். சீசனில் அந்த ரோடு இப்படித்தான்.

பக்கத்து சீட்டு அம்மாள் டிராக்டர்காரரிடம் கேட்டு வாங்கிய ஒரு பழத்தை வெட்டி, எனக்கும் ஒரு கீற்று கொடுத்தார். தின்றேன். சாறு மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. பையிலிருந்து ஸ்பிரிட் பஞ்சை எடுத்து விரல்களை நன்றாகத் துடைத்துவிட்டுப் போனைத் தொட்டேன். விரல் கண்ணாடியில் ஒட்டியது. எடுத்தால் பிசுக்கென்று சத்தம். இன்னொரு பஞ்சு எடுத்துத் துடைத்தேன். மறுபடியும் ஒட்டியது. ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும், சர்க்கரையை அப்படியே விட்டுவிடும். அப்போதுதான் அந்தத் திண்டு கண்முன் வந்தது. எறும்பு மொய்த்த அந்தப் பஞ்சு வெள்ளையாக இருந்தது. அது குத்துவதற்கு முன்னால் துடைத்த பஞ்சு. அதில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

மீட்டரை எடுத்தேன். மாம்பழம் தொட்ட வலது கை விரலைக் குத்தினேன்: இருநூற்று நாற்பத்தொன்று. இடது கையைப் பாட்டில் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்தினேன்: தொண்ணூற்றாறு. ஒரே ஆள், ஒரே நிமிடம். ஒரு வாரமாக நான் முனியம்மாவின் ரத்தத்தை அளக்கவேயில்லை, அவர் விரல்மேல் காய்ந்திருந்த மாங்கூழை அளந்துகொண்டிருந்தேன். அதை வைத்து அவரைப் பட்டினி போட்டு, மாத்திரையையும் இரண்டாக்க வைத்திருக்கிறேன். பொட்டு உயிரோடுதான் இருந்தது. போனைப் பார்த்தேன். ஐம்பத்தேழு.

முனியம்மாவின் போன் கேட்டில் பூட்டி வைத்திருப்பார்கள். வாட்ச்மேன் நம்பர் இருந்தது. அவரும் இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்ததும் நான் கத்திய கத்தலில் முன்சீட்டில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "அண்ணா, உள்ள ஓடுங்க, தோல் சீவற மேசை, முனியம்மா. உடனே மாங்கூழ் குடிக்கக் குடுங்க. ரெண்டு டம்ளர். ஓடுங்க!" "சுகர் பேஷண்ட்டுக்கா? தொடவே கூடாதுன்னு போர்டு மாட்டாத குறையா சொன்னது நீங்கதானே மேடம்?" என்றார். "நான் சொன்னது தப்பு! தப்பு! ஓடுங்க!" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக அதை ஒப்புக்கொண்டதில்லை. ஐம்பத்து நாலு. ஐம்பத்து நாலு. பஸ் நகரவில்லை. இறங்கி ஓடினேன். பின்னாலிருந்து கண்டக்டர் குரல் கேட்டது: "மாம்பழம் ஊட்ட ஓடுதய்யா அந்தம்மா, எவனாச்சும் பைக்குல ஏத்தி விடுங்கய்யா!"

டம்ளரும் பொட்டும்

ஒருவர் ஏற்றிவிட்டார். பின்சீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டு போனேன். ஐம்பத்தொன்பது. எழுபத்திரண்டு. தொண்ணூறு. எண் ஏறுவதைப் பார்த்து ஒரு ஆராய்ச்சியாளர் அழுதது அநேகமாக அதுதான் முதல் தடவை. அன்று கேட்டில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. உள்ளே வேப்பமரத்தடியில் முனியம்மா உட்கார்ந்திருந்தார், கையில் காலி டம்ளர், முகமெல்லாம் வேர்வை காய்ந்த உப்பு. மேசைமேல் சாய்ந்துவிட்டாராம், கத்தி கீழே விழுந்திருக்கிறது, வெக்கை என்று நினைத்துப் பக்கத்துப் பெண்கள் விசிறிக்கொண்டிருந்தார்களாம். வாட்ச்மேன்தான் கூழை வாயில் வைத்துக் குடிக்க வைத்திருக்கிறார்.

சோப்பு வாங்கி வரச்சொல்லி, குழாயடியில் அவருடைய இரண்டு கையையும் நானே கழுவினேன். நகக்கண்ணெல்லாம் மஞ்சள். துடைத்துக் குத்தினேன். விரல் நூற்று இருபத்தொன்று, பொட்டு நூற்றுப் பதினேழு. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். உங்களுக்கு முந்நூறு என்று ஒரு நாளும் இருந்ததில்லை, தப்பு என்மேல் என்றேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் தேவலை. கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பொட்டு மொதல்லேர்ந்து கரீட்டாத்தான் சொல்லிகினு கீது. நீதான் அதும் பேச்சயும் கேக்கல, என் பேச்சயும் கேக்கல."

செத்தது உயிர்த்தது

அன்றே டாக்டரிடம் நானும் கூடப்போய், நோட்டில் நான் எழுதியவற்றை நானே அடித்து, பழையபடி ஒரு மாத்திரைக்கு மாற்றிக்கொண்டு வந்தோம். மறுநாள் மேடம் முன்னால் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அவர் எங்கள் வழிமுறைக் குறிப்பை எடுத்து முதல் வரியைக் காட்டினார். 'சோப்பு, தண்ணீர் கொண்டு கையைக் கழுவச் செய்யவும், முடியாவிட்டால் ஸ்பிரிட்.' அதைத் தட்டச்சு செய்தது நான். அந்த 'முடியாவிட்டால்' என்பதைச் சேர்த்ததும் நான்தான், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வாழ்கிற என்னை மாதிரிப் பிறவிகளுக்காக. மேடம் சிவப்பு மையால் அதை அடித்தார். திட்டவில்லை. தன் பெயரையும் அந்தத் தவறு அறிக்கையில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். பரிசோதனை தொடரும் என்றார்.

சுரேஷ் அட்டைப்பெட்டியைத் திரும்ப மேசைமேல் வைத்து, 'செத்தது' என்ற எழுத்தின்மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே சொன்னான்: "எங்கிட்ட ஸாரி வேணாம் அக்கா. இதுங்ககிட்ட சொல்லு."

பதினாலாம் நாள்

கடைசி நாள். பொட்டைக் கழற்ற வேண்டும், கடைசியாக ஒரு தடவை விரல் குத்த வேண்டும். முனியம்மா வரமாட்டார் என்றே நினைத்தேன். நான் அவராக இருந்தால் வந்திருக்க மாட்டேன். பையில் மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு சோப்பு, ஒரு துண்டு. திண்டில் உட்கார முடியாமல் அந்தக் கேட்டுக்கும் டீக்கடைக்கும் நடுவில் நாற்பது தடவை நடந்திருப்பேன். மணி அடித்தது. பெண்கள் வெளியே வந்தார்கள். கடைசியில் முனியம்மா, ஓடி வந்தார். கை இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், தண்ணீர் சொட்டச் சொட்ட. பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் உள்ளே குழாய் வரிசையில் நின்று கழுவிக்கொண்டு வந்திருந்தார்.

நான் மீட்டரை எடுத்தேன். டீக்கடையில் அதற்கு முன் என்ன செய்தேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ; என் விரலில் பஜ்ஜி எண்ணெய் பளபளத்ததோ என்னவோ. நீட்டிய கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்: "நான் கழுவிகினு வந்துட்டேன் மேடம், நீ கழுவினியா?"

மூன்று வருட ஆராய்ச்சியும், மயிரிழை அளவு மெல்லிய கம்பியும், அதில் நாலு பூச்சு என்சைமும் போட்டு, ஒரு பெண்ணைச் சாவின் வாசல்வரை அனுப்பித் திரும்ப அழைத்து வந்து நான் கண்டுபிடித்தது, மூன்று வயதில் சோற்றுத்தட்டுக்கு முன்னால் என் அம்மா முதுகில் ஒன்று வைத்துச் சொல்லித்தந்த அதே விஷயத்தைத்தான்.